அப்புறம் வேண்டும் என்று எடுத்து வைக்கிறார்களே, அந்த வாசகரைப் பிடிப்பது எப்படி? புக்மார்க் தளங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் மாடித்தோட்டம் பற்றி எழுதுகிற ஆள். வீடு பெரம்பூரில், மொட்டை மாடியில் நாற்பது சொச்சம் பைகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் இரண்டு கட்டுரை போட்டேன். ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டை மாடியைப் பூட்டிச் சாவியை மறைத்து வைப்பதைப் பற்றிய வயிற்றெரிச்சல். இன்னொன்று, சென்னை வெயிலுக்கு எந்தத் தமிழ் மாதத்தில் எந்த விதை போடலாம் என்று ஓர் அட்டவணை. எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. வயிற்றெரிச்சலுக்கு லைக் கொட்டியது, சண்டை நடந்தது, நாலாம் நாள் ஈ ஓட்டியது. அட்டவணையை அந்த வாரம் யாரும் சீண்டவில்லை. ஆனால் வைகாசி கடைசி ஆனதும் இன்றைக்கும் அதற்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், எல்லாம் யாரோ எங்கேயோ சேமித்து வைத்த சுட்டியிலிருந்து.

லைக் பட்டனை அழுத்துகிறவர் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சேமி பட்டனை அழுத்துகிறவர் "எனக்கு இது அப்புறம் வேண்டும்" என்று எடுத்து வைக்கிறார். இரண்டும் வேறு வேறு மனநிலை. புக்மார்க் தளங்கள், அதாவது அப்புறம் பார்க்க லிங்கை எடுத்து வைக்கிற தளங்கள், முழுக்க இந்த இரண்டாவது மனநிலையில் ஓடுகிறவை. இது தெரியாமல்தான் பலர் ஒரே லிங்கை இருபது இடத்தில் வீசிவிட்டு "ஒண்ணும் வரலை சார்" என்கிறார்கள்.

பழைய கதை கொஞ்சம்

2003-ல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ்தான் இந்த வகைக்கு அடித்தளம் போட்டது. லிங்கைச் சேமிக்கலாம், குறிச்சொல் ஒட்டலாம், அடுத்தவர் சேமித்ததையும் பார்க்கலாம். 2005-ல் யாஹூ வாங்கியது, 2011-ல் கை மாறியது, 2017-ல் பின்போர்டு என்ற சின்னத் தளம் அதை வாங்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி நிறுத்திவைத்தது. லிங்குகளுக்கு ஓட்டுப் போடும் தளமாக 2004-ல் வந்த டிக், 2010-ல் தளத்தையே தலைகீழாக மாற்றி, கோபித்துக்கொண்ட கூட்டத்தை அதே வகைத் தளமான ரெடிட்டுக்கு அனுப்பிவைத்தது. புதுப்புதுப் பக்கங்களைக் காட்டிவந்த ஸ்டம்பிள்அப்பான் 2018-ல் மூடப்பட்டது. அப்புறம் படிக்கக் கட்டுரைகளைச் சேமிக்க நம்மில் பலர் நம்பியிருந்த பாக்கெட் 2025 ஜூலையில் போய்ச் சேர்ந்தது.

தமிழில் நமக்குத் திரட்டிகள் இருந்தன, பல வலைப்பதிவுகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளங்கள். காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணம், பிறகு தமிழிஷ் என்று வரிசையாக. ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஓட்டுப்பட்டை தொங்கிய காலம் அது. பழைய ஆட்களுக்கு இப்போது ஒரு பெருமூச்சு வந்திருக்கும், வரட்டும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "200 புக்மார்க் தளங்களின் பட்டியல்" என்று இணையத்தில் சுற்றுகிறதே, அதில் பாதி செத்த தளம், மீதி ரோபோக்கள் ரோபோக்களுக்காக லிங்க் போடும் இடம். காசு வாங்கிக்கொண்டு எல்லாவற்றிலும் போட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்களுக்கு ஒரு டீக்காசுகூடக் கொடுக்காதீர்கள். அப்படிப் போட்டால் கூகுளில் மேலே வரலாம் என்ற கணக்கும் பழையது. பெரிய தளங்கள் பயனர் போடும் லிங்குகளை நோஃபாலோ, அதாவது தேடுபொறி இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், என்று குறித்துவிடுகின்றன. 2005-ல் ஸ்பேமைத் தடுக்கத்தான் அந்தக் குறியே வந்தது. ஆக, நமக்கு அங்கே கிடைக்கக்கூடியது மனிதர்கள் மட்டும். மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு மட்டும் போனால் போதும்.

முதல் வேலை: சேமிக்கிற சரக்கா என்று பாருங்கள்

உங்கள் கட்டுரையை எடுத்துக்கொண்டு ஒரே கேள்வி கேளுங்கள்: இதை ஒருத்தர் மூன்று மாதம் கழித்துத் தேடுவாரா? சாம்பார்ப் பொடி அளவு, சொத்து வரி கட்டும் முறை, புள்ளிக் கணக்கோடு மார்கழிக் கோலங்கள், கிண்டியில் ஒரு நாளைக்குக் குழந்தைகளோடு எங்கெல்லாம் சுற்றலாம், பத்தாம் வகுப்புக் கணக்குச் சூத்திரங்கள் எல்லாம் தேடுகிற வகை. நேற்றைய கிரிக்கெட் மேட்ச் பற்றிய உங்கள் கருத்து, மன்னிக்கவும், தேடுகிற வகை இல்லை.

கதையும் கவிதையும் எழுதுகிறவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். தனிக் கதையை யாரும் அவ்வளவாகச் சேமிப்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் "வடசென்னை பின்னணியில் நான் எழுதிய கதைகள், எந்த வரிசையில் படிக்கலாம்" என்று ஒரு பக்கம் போட்டால் அதைச் சேமிப்பார்கள். கடை ஒன்றுதான், வாசல் வேறு.

ஏற்கெனவே எழுதியதிலும் கை வைக்கலாம். மாவுப்பூச்சி பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன், அதில் முக்கால்வாசி என் கத்தரிச் செடி செத்த சோகம். ஒரு நாள் உட்கார்ந்து சோகத்தை நாலு வரியாகக் குறைத்துவிட்டு, மேலேயே "ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் சாய்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவும்" என்று போட்டேன். சேமிப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சோகத்தை விரும்பிப் படித்த ஒரு அண்ணன் மட்டும் வருத்தப்பட்டார்.

இரண்டாவது: வீட்டைப் பெருக்கி வையுங்கள்

லிங்கை வெளியே கொண்டுபோவதற்கு முன் அந்த லிங்க் பார்க்க எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. முகவரியில் தமிழ் எழுத்து வந்தால், நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் அது சதவீதக் குறியும் எண்ணுமாக விரிந்துவிடும். த என்ற ஒற்றை எழுத்து ஒன்பது குறிகள் ஆகும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் கொம்புக்கும் துணைக்காலுக்கும் தனியாக ஒன்பது ஒன்பது. "சென்னை" 54 குறிகள். "மாடித்தோட்டம்" என்ற சொல்லை முகவரியில் வைத்தீர்கள் என்றால் அதற்கு மட்டும் 117 குறிகள். பார்க்கிறவர் வைரஸ் லிங்க் என்று நினைத்து ஓடிவிடுவார். அதனால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், மூன்று நான்கு சொல்லில், நடுவில் சின்னக் கோடு போட்டு வையுங்கள். பிளாக்கரில் தமிழ்த் தலைப்பு கொடுத்தால் அது முகவரியைப் பொத்தாம் பொதுவாக "பிளாக் போஸ்ட்" என்று வைத்துவிடும். வெளியிடுவதற்கு முன்பே பெர்மாலிங்க் (பதிவின் நிரந்தர முகவரி) பகுதியில் நாமே பெயர் கொடுத்துவிட வேண்டும். வேர்ட்பிரஸ்ஸிலும் அதே வேலைதான்.

அடுத்து, லிங்கை ஒட்டினதும் அடியில் ஒரு படமும் தலைப்பும் பெட்டியாக வருமே, அது. ஓப்பன் கிராஃப் என்று ஃபேஸ்புக் 2010-ல் கொண்டுவந்த முறை அது, இன்றைக்கு எல்லாத் தளமும் அதைத்தான் படிக்கிறது. படம் 1200க்கு 630 பிக்சல் அளவில் இருந்தால் வெட்டுப்படாது. சோதிக்க எளிய வழி, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பார்ப்பது. படத்துக்குப் பதிலாக உங்கள் தளத்தின் லோகோவோ, இன்னும் மோசமாக விளம்பரப் படமோ வந்தால் அதைச் சரிசெய்யாமல் நகராதீர்கள்.

தலைப்பில் முக்கியமான சொல்லை முன்னால் வையுங்கள். மொபைலில் முதல் ஐந்தாறு சொல்தான் தெரியும், தமிழ்ச் சொற்கள் நீளமானவை வேறு. "கோடை வந்துவிட்டது, என்ன செய்யப் போகிறோம்" என்பதைவிட "அக்னி நட்சத்திரத்தில் செடிகளைக் காப்பாற்ற நிழல்வலை" என்பது சேமிப்புப் பட்டியலில் ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் என்னவென்று புரியும். சேமித்தவருக்கே எதற்குச் சேமித்தோம் என்று மறந்துபோகும். தலைப்புதான் ஞாபகப்படுத்த வேண்டும்.

மூன்றாவது: எந்த அலமாரி?

எல்லா இடத்துக்கும் போக வேண்டாம். இரண்டு போதும், நிஜமாகவே போதும்.

பின்டரெஸ்ட்: சமையல், கோலம், தையல், தோட்டம், வீட்டு அலங்காரம், பயணம், பாடக் குறிப்பு என்று படத்தில் காட்டக்கூடிய எதுவாக இருந்தாலும் இங்கேதான் முதலில் போவேன். பலர் இதைச் சமூக ஊடகம் என்று நினைத்துக்கொண்டு ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து நொந்துபோகிறார்கள். இது உண்மையில் படத் தேடுபொறி. இன்றைக்குப் போட்ட படம், அங்கே அதற்கு "பின்" என்று பெயர், அடுத்த வருஷமும் ஓடும். பிசினஸ் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள், இலவசம்தான். உங்கள் தளம் உங்களுடையது என்று அதில் பதிவு செய்துகொள்ளலாம், எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் லிங்கை அழுத்தி வெளியே வந்தார்கள் என்பதும் தெரியும். படம் நிமிர்ந்த வாக்கில், 1000க்கு 1500 பிக்சல். படத்தின் மேலேயே பெரிய தமிழ் எழுத்தில் தலைப்பு. ஒரே கட்டுரைக்கு மூன்று நான்கு வேறு வேறு படங்கள் செய்து, வாரத்துக்கு ஒன்றாக விடுங்கள். படங்களைத் தொகுத்து வைக்கும் பலகையின் பெயரை "என் பதிவுகள்" என்று வைக்காதீர்கள், அதை யார் தேடப்போகிறார்கள்? "மொட்டை மாடியில் காய்கறி" என்று வையுங்கள்.

ரெடிட்: இங்கே கதை வேறு. சென்னைக்கும், தமிழ்நாட்டுக்கும், தமிழ் மொழிக்கும் தனித்தனிக் குழுக்கள் உண்டு, தோட்டக்கலைக்கு உலகளாவிய பெரிய குழுக்களும் உண்டு. ஆட்கள் புத்திசாலிகள், விளம்பர வாசனை மூக்கில் ஏறினால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் விதிகள் எழுதி வைத்திருப்பார்கள். சொந்த லிங்கே கூடாது என்பவை உண்டு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்பவை உண்டு. படித்துவிட்டுப் போங்கள். வெறும் லிங்கை வீசாமல், கட்டுரையின் சாரத்தை அங்கேயே முழுதாக எழுதிவிட்டு, கடைசியில் "முழு அட்டவணை இங்கே" என்று ஒரு வரி. எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிட்டால் நம்மிடம் யார் வருவார்கள் என்ற பயம் வரும். எனக்கும் வந்தது. படித்துப் பயன்பட்டவர்தான் வருகிறார், மற்றவர் எப்படியும் வரப்போவதில்லை.

கோராவில் தமிழ் தனியாகவே உண்டு. அது கேள்வி பதில் தளம்தான், ஆனால் கேள்வி வருஷக்கணக்காகத் தேடலில் நிற்கும் என்பதால் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன். ஃபிளிப்போர்டில் நீங்களே ஒரு இதழ் தொகுக்கலாம்; ஆங்கிலத்திலும் எழுதுகிறவர் என்றால் முயன்று பாருங்கள். டீகோ, ரெயின்ட்ராப் இரண்டும் ஆராய்ச்சி செய்கிறவர்களின் அலமாரி, கூட்டம் குறைவு. நிரல், தொழில்நுட்பம் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் ஹேக்கர் நியூஸ் இருக்கிறது, தமிழ் எழுத்துக்கு அங்கே வேலையில்லை.

அப்புறம் நம் ஊரின் நிஜமான புக்மார்க் தளம் வாட்ஸ்அப்தான், ஒத்துக்கொள்வோம். தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வசதியை அவர்கள் 2022 கடைசியில்தான் கொடுத்தார்கள். அயனாவரத்தில் இருக்கும் என் சித்தி அதற்கு வெகு காலம் முன்பே, தான் மட்டும் இருக்கிற "முக்கியம்" என்ற ஒரு குரூப்பை வைத்து, ரசப்பொடியிலிருந்து ரேஷன் கார்டுத் திருத்தம்வரை அதில் போட்டு வைத்திருந்தார். குரூப் ஆரம்பிக்க என்னைச் சேர்த்து, உடனே வெளியே தள்ளினார் என்பது தனிக்கதை. ஆகவே கட்டுரையின் அடியில் வாட்ஸ்அப் பகிர்வுப் பட்டனைப் பெரிதாக வையுங்கள், மற்ற பத்து பட்டன்களை எடுத்துவிடுங்கள்.

நான்காவது: மூன்று வாரம் உங்கள் லிங்கைத் தொடாதீர்கள்

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பெரிய தளத்தில் கணக்குத் தொடங்கிய அன்றைக்கே என் கட்டுரைகள் ஆறையும் வரிசையாகப் போட்டேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை, எல்லாம் அழகாகத் தெரிந்தது. பத்து நாள் கழித்துத் தற்செயலாக மனைவியின் போனில் பார்த்தால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்கிறது. நிழல் தடை. எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு ஊருக்கு மறைத்துவிட்டார்கள். பத்து நாளும் பூட்டிய அறைக்குள் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். இப்போதெல்லாம் எதைப் போட்டாலும் லாக்அவுட் செய்த ஜன்னலில் ஒரு முறை திறந்து பார்த்துவிடுகிறேன், நீங்களும் பாருங்கள்.

அந்த மூன்று வாரத்தில் என்ன செய்வது? மற்றவர்கள் எழுதியதில் நிஜமாகவே உங்களுக்குப் பயன்பட்டதைச் சேமியுங்கள், ஏன் பயன்பட்டது என்று ஒரு வரி எழுதுங்கள், கேட்ட கேள்விக்குத் தெரிந்தால் பதில் சொல்லுங்கள். சுயவிவரத்தில் முகம், ஊர், என்ன எழுதுகிறீர்கள் என்று இரண்டு வரி. பிறகும் பத்துக்கு ஒன்று என்ற கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒன்பது அடுத்தவர் சரக்கு, ஒன்று நம்முடையது. ரெடிட்டில் ரொம்ப நாள் புழங்கிய கணக்கு இது, மற்ற இடங்களிலும் தப்பாகப் போகவில்லை.

ஐந்தாவது: குறிச்சொல்லும் விவரமும்

தமிழில் இது ஒரு தலைவலி. நான் "மாடித்தோட்டம்" என்று ஒற்று போட்டு, சேர்த்து எழுதுவேன். தேடுகிறவர் "மாடி தோட்டம்" என்று பிரித்து, ஒற்றில்லாமல் தட்டுவார். இன்னும் நிறையப் பேர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், சிலர் நேராக ஆங்கிலத்திலேயே தேடுவார்கள். தலைப்பில் உங்கள் இலக்கணம் இருக்கட்டும், குறிச்சொல்லிலும் விவரத்திலும் ஊர் எப்படித் தட்டுகிறதோ அப்படி நான்கு வடிவமும் வரட்டும். இதில் தமிழாசிரியர் மாதிரி நின்றால் நஷ்டம் நமக்குத்தான். எப்படித் தட்டுகிறார்கள் என்று தெரிய, தேடல் பெட்டியில் பாதிச் சொல்லை அடித்துவிட்டு அது என்ன பரிந்துரைக்கிறது என்று பாருங்கள்.

குறிச்சொல் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். "தமிழ்", "சென்னை" மாதிரிக் கடலில் பெருங்காயம் கரைக்கிற சொல் ஒன்று போதும்; "ஆடிப்பட்டம்", "குரோ பேக்", "மாவுப்பூச்சி" மாதிரி குறிப்பான சொற்கள்தான் ஆளைக் கூட்டிவரும். விவரத்தில் இரண்டு வரி: யாருக்கு, என்ன கிடைக்கும். பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருக்கும் கட்டுரையை அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள், யுனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான்.

ஆறாவது: எப்போது போடுவது

நாள், நேரம் என்று இரண்டு உண்டு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அந்த விதைக்கான கட்டுரையை ஆடியில் போட்டால் தாமதம். வைகாசி கடைசியிலேயே போட்டுவிடுவேன், தேடிச் சேமித்து, விதை வாங்கி, மண் கலக்க அவருக்கு நேரம் வேண்டுமல்லவா. மார்கழிக் கோலம் என்றால் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழைக்கான தயாரிப்பு என்றால் ஆவணி. பின்டரெஸ்டில் இந்த ஒன்றிரண்டு மாத முன்கூட்டல் முக்கியம், ஏனென்றால் அங்கே எல்லாம் மெதுவாகத்தான் சூடேறும்.

ரெடிட் மாதிரி ஓட்டு நடக்கிற இடத்தில் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் உயிர்நாடி. சென்னையில் சாயங்காலம் ஏழரை என்றால் சிங்கப்பூரில் இரவு பத்து, கோடைக்கால லண்டனில் பிற்பகல் மூன்று, டொரன்டோவில் காலை பத்து. நான்கு ஊர்த் தமிழரும் முழித்திருக்கும் நேரம் அது. போட்டுவிட்டு எழுந்து சாப்பிடப் போகாதீர்கள். கேள்வி கேட்பவருக்கு உடனே பதில் சொல்லுங்கள், திட்டுகிறவருக்கும் சொல்லுங்கள், அவர் சொன்னது சரியென்றால் கட்டுரையைத் திருத்திவிட்டு நன்றி சொல்லுங்கள்.

ஓட்டுக் கேட்காதீர்கள். திரட்டிகள் காலத்தில் "நீ எனக்குக் குத்து, நான் உனக்குக் குத்துறேன்" என்று ஒரு மொய்க் கணக்கு நடந்தது, நானும் எழுதினேன். முதல் பக்கம் வந்தது, படித்தவர்கள் மொய் எழுதிய பன்னிரண்டு பேர்தான். இப்போது அது வெட்டி வேலை மட்டும் இல்லை, இரண்டு கணக்கு வைத்து ஓட்டுப் போட்டாலோ, குரூப்பில் லிங்க் போட்டு ஓட்டுத் திரட்டினாலோ கணக்கே போய்விடும்.

ஏழாவது: கணக்குப் பாருங்கள்

ஒவ்வொரு தளத்திலும் போடும் லிங்கின் வாலில், வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யுடிஎம் குறிப்பு சேர்த்துவிடுங்கள். எந்தத் தளம், எந்த வகை, எந்தக் கட்டுரை என்று மூன்று விவரம். கூகுளே இதற்கு இலவசமாக ஒரு படிவம் வைத்திருக்கிறது, நிரப்பினால் லிங்க் தயார். இது இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பிலிருந்து வந்தவர்கூட "நேரடி வருகை" என்று காட்டுவார், நாம் ஏதோ பிரபலமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம்.

வந்த தலைகளை மட்டும் எண்ணாதீர்கள். எவ்வளவு நேரம் இருந்தார்கள், இரண்டாவது பக்கம் போனார்களா, அடுத்த மாதம் திரும்பி வந்தார்களா. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் மாதம் ஒரு பக்கம் எழுதுகிறேன்: கட்டுரை, எங்கே போட்டேன், சேமிப்பு, வருகை, திரும்பி வந்தவர். மூன்று மாதம் ஆகியும் ஒரு தளத்திலிருந்து திரும்பி வருபவர் இல்லை என்றால் அங்கே வேலையை நிறுத்திவிடுவேன். இப்படித்தான் ஐந்து இடத்திலிருந்து இரண்டுக்கு வந்தேன்.

கடைசியாக, பழைய சரக்கைத் தூசி தட்டுவது

சேமித்தவர் திரும்பி வரும்போது பக்கம் இருக்க வேண்டும், அதே முகவரியில் இருக்க வேண்டும். தளத்தை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட ஏற்பாடு செய்யுங்கள், இல்லாவிட்டால் வருஷக்கணக்காகச் சேர்ந்த சேமிப்பு எல்லாம் ஒரே ராத்திரியில் செத்த லிங்க். புதிதாக எழுதுவதைவிட, சேமிக்கப்பட்ட பழைய பக்கத்தை வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவதுதான் எனக்கு அதிகம் தந்திருக்கிறது. திருத்திய மாதத்தை மேலேயே போட்டுவிட்டு, அதே லிங்குக்குப் புதுப் படம் செய்து விடுவேன்.

இந்த வருஷமும் வைகாசியில் அட்டவணையைத் திறந்தேன். மடிப்பாக்கத்திலிருந்து ஒருத்தர் போன வருஷம் போட்ட கருத்து இருந்தது: "உங்க பட்டியலை நம்பி சித்திரையில கீரை போட்டேன், கருகிடுச்சு, நிழல்வலை வேணும்னு எங்கயும் போடலையே?" நியாயம்தான். நிழல்வலை என்று ஒரு கட்டம் சேர்த்து, சித்திரை, வைகாசி இரண்டுக்கும் "50 சதவீத வலை" என்று நிரப்பி, அவருக்குப் பதில் எழுதினேன். அன்றைக்குச் சாயங்காலமே அவர் அதை மறுபடி சேமித்திருந்தார்.